பூமியைத் தட்டிப் பார்த்த கதை

சந்தையிலே மண்பானை வாங்கும் பெண்மணி அதை விரலால் சுண்டிப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். ‘ணங்’ என்று ஒலித்தால் நல்ல பானை. ஓசை கம்மினால் எங்கோ விரிசல். கண் காணாததைக் காது காட்டிவிடுகிறது. பூமியின் உட்புறத்தை மனிதன் அறிந்துகொண்டதும் இம்முறையால்தான். அவ்வரலாற்றில் நம் அஸ்ஸாமுக்குப் பெரும் பங்கு உண்டு.

1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மாலை, ஷில்லாங் மேட்டுநிலம் குலுங்கியது. கற்கட்டடங்கள் தரைமட்டமாயின; சுமார் 1,500 பேர் மாண்டனர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஓல்டுஹாம், அழிவுற்ற பகுதிகளை ஆராய்ந்து 1899இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். அதே அதிர்ச்சியை ஐரோப்பியக் கருவிகளும் பதிவு செய்திருந்தன. அப்பதிவுகளை ஆராய்ந்த அவர், அதிர்ச்சி மூவகை அலைகளாகப் பரவுகிறது என்று 1900இல் விளக்கினார்.

முதலில் வருவது ஒலியைப் போல் அமுக்கியும் தளர்த்தியும் செல்லும் அலை. அடுத்தது பக்கவாட்டில் அசைக்கும் அலை. மூன்றாவது நிலத்தின் மேற்பரப்பையொட்டிச் செல்வது. பாறையும் மீள்தன்மை உடைய பொருளே. ஓர் அடுக்கிலிருந்து வேறோர் அடுக்கினுள் புகும்போது அலையின் ஒரு பகுதி திரும்பிவிடும். மறுபகுதி வளைந்து, வேகம் மாறிச் செல்லும். ஆகவே, அலை வந்துசேரும் நேரத்தைக் கொண்டே அது கடந்த அடுக்குகளின் இயல்பைக் கணிக்கலாம்.

வெகு ஆழத்தின் வழியே சென்ற அலைகள் தாமதித்து வருவதைக் கண்ட ஓல்டுஹாம், பூமிக்குள் வேறு தன்மையுடைய கரு உண்டு என்று 1906இல் நிறுவினார். பக்கவாட்டில் அசைக்கும் அலை திரவத்தினுள் செல்லாது. பூமியின் கரு திரவமே என்று 1926இல் ஜெஃப்ரீஸ் காட்டினார். அத்திரவத்தின் நடுவே மற்றோர் உட்கரு இருப்பதை 1936இல் டென்மார்க் நாட்டு அம்மையார் இங்கே லேமன் கண்டறிந்தார்.

நம் நாட்டிலும் 1898இல் கல்கத்தா அலிப்பூரிலும், 1899இல் கொடைக்கானலிலும் நில அதிர்ச்சிக் கருவிகள் அமைந்தன. பூகம்பத்துக்குக் காத்திராமல், 1970களில் ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் காவலி முதல் உடுப்பி வரை நிலத்தில் வெடி வைத்து, தென்னிந்தியாவின் அடிப்பாறை அடுக்குகளை ஆராய்ந்தனர்.

1897க்குப் பின் அஸ்ஸாமில் பரவிய, மரச்சட்டமும் நாணற்சுவரும் கொண்ட இலேசான வீடுகளை, அங்கு வாழும் நம்மவர் கண்டிருப்பர். பூமி அதிர்ந்தபோது அறிஞர்கள் செவிசாய்த்துக் கற்ற பாடம் ஒன்று. வீட்டை இழந்த மக்கள் கற்ற பாடம் மற்றொன்று. இரண்டையும் நாம் மறத்தலாகாது.