'ஐயோலாந்தி'யும் பயில்முறை அரங்கும்

டபிள்யூ. எஸ். கில்பேட் எழுதி, ஆதர் சலிவன் இசையமைத்த 'ஐயோலாந்தி' என்னும் நகைச்சுவை இசைநாடகம் 1882 நவம்பர் 25 ஆம் நாள் இலண்டன் சவோய் அரங்கிலே முதன்முதலாக மேடையேறியது. அங்கு 398 தடவைகள் ஆடப்பட்ட இந்நாடகம் இன்றுவரை நிலைத்திருப்பதில் பயில்முறைக் கழகங்களுக்குப் பெரும் பங்குண்டு. அப்பங்கு எத்தகையது என்பதை ஈண்டு நோக்குவோம்.

மானிடன் ஒருவனை மணந்த குற்றத்துக்காக இருபத்தைந்து ஆண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்ட தேவதையே ஐயோலாந்தி. அவள் மகன் ஸ்ட்ரெபன் இடைவரை தேவதை, அதன்கீழ் மானிடன். அவன் காதலிக்கும் பிலிசைப் பிரபுக்கள் சபை முழுவதுமே மணக்க விழைகின்றது. தேவதையரின் துணையுடன் நாடாளுமன்றம் புகும் ஸ்ட்ரெபன், பிரபுப் பட்டத்தைப் போட்டிப் பரீட்சை மூலம் வழங்கும் சட்டமூலத்தைக் கொணர்கின்றான். 1870 இல் அரசாங்க சேவைக்குப் போட்டிப் பரீட்சை விரிவாக்கப்பட்டதைக் கண்டிருந்த அவையோருக்கு இவ்வங்கதம் எளிதில் விளங்கியிருக்கும்.

மகளிர் தேவதையராகவும் ஆடவர் பிரபுக்களாகவும் அமையும் இரு பெருங் குழுப்பாடல் அணிகளை இந்நாடகம் வேண்டுகின்றது. ஊர்தோறும் இருந்த பாடகர் கழகங்களுக்கு இவ்வமைப்பு இயல்பாகவே பொருந்திற்று. சவோய் அரங்கிலே தேவதையர் தலையில் மின்கலத்தால் ஒளிரும் சிறு விளக்குகளை அணிந்தனர். ஆயின், நாடகத்தின் உயிர் அவ்வொளியில் அன்று, குழுப்பாடலிலேயே தங்கியிருந்தது.

எனினும், பயில்முறையாளர் முற்றிலும் சுதந்திரமாக இயங்கினர் எனக் கூறுதல் இயலாது. பிரித்தானியாவில் தொழில்முறை மேடையேற்றத்தை டொயிலி காட் கம்பனி தன்வசமே வைத்திருந்தது. பயில்முறைக் கழகங்கள் அதனிடம் அனுமதி பெற்றே ஆடின. கில்பேட் 1911 இல் மறைந்தமையால் அவருடைய எழுத்துக்கான பதிப்புரிமை 1961 இறுதியில் முடிவுற்றது. 1962 சனவரியிலேயே சட்லர்ஸ் வெல்ஸ் இசைநாடகக் குழு 'ஐயோலாந்தி'யைப் புதிதாக மேடையேற்றியது. பழைய டொயிலி காட் கம்பனி 1982 பெப்ரவரியில் மூடப்பட்டபோதும் நாடகம் மறையவில்லை. பயில்முறைக் கழகங்கள் அதனைத் தொடர்ந்து ஆடின.

ஒரு கலைமரபைக் காப்பது உரிமைக் கட்டுப்பாடா, பலரது பயில்வா என்னும் வினாவுக்கு இவ்வரலாறு விடைதருகின்றது. கட்டுப்பாடு ஓராட்ட முறையைப் பேணியது உண்மையே. ஆனால் அக்கட்டுப்பாடு நீங்கிய பின்னரும் நாடகத்தை வாழவைத்தோர், ஊதியம் கருதாது மாலைதோறும் ஒத்திகைக்குக் கூடியோரே. நாடக முடிவிலே, தேவதையரைக் கொல்லவேண்டிய சட்டம் ஒரேயொரு சொல்லைச் சேர்த்தலால் அவர்களை வாழவைக்கும் சட்டமாகின்றது. விதியை மாற்றி வாழ்வைக் காக்கலாம் என்னும் அக்கருத்து, நாடகத்தின் வரலாற்றுக்கும் பொருந்துவதாகும்.