ஏ. கே. செட்டியார்: ஆவணப்படமும் எழுத்தும்

ஏ. கே. செட்டியார் (1911–1983) தமிழ்ப் பயண எழுத்தாளர், இதழாசிரியர், ஆவணப்பட இயக்குநர். முழுப்பெயர் அ. கருப்பன் செட்டியார். செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்தார். காந்தி உயிரோடிருந்த காலத்திலேயே அவர் வாழ்க்கையை முழுநீள ஆவணப்படமாக்கி 1940இல் தமிழில் வெளியிட்டார். 1943இல் தொடங்கிய ‘குமரி மலர்’ இதழை நாற்பது ஆண்டுகள் நடத்தினார். படம், நூல், இதழ் ஆகிய மூன்றிலும் அவருடைய வழி ஒன்றுதான்: சிதறிக் கிடப்பதைத் தேடித் திரட்டுவது, தம்மை முன்னிறுத்தாமல் அதை மக்கள்முன் வைப்பது.

இளமையும் பயிற்சியும்

நகரத்தார் வணிகம் பர்மாவில் செழித்திருந்த காலத்தில் ரங்கூனுக்குச் சென்று ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தார். ஒளிப்படக்கலையில் ஆர்வம் மிகவே 1930களின் நடுவில் ஜப்பான் சென்று டோக்கியோவில் அதை முறையாகப் படித்தார். அங்கிருந்து அமெரிக்கா போய் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றார். கடல் கடந்து படிக்கப் போன தமிழர்கள் பெரும்பாலும் சட்டத்தையும் மருத்துவத்தையும் நாடிய காலம் அது. எழுத்தாளர் ஒருவர் கேமராவைக் கற்றுக்கொள்ள உலகின் இரு மூலைகளுக்குப் போனது தமிழுக்குப் புதிது.

காந்தி ஆவணப்படம்

1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில் செட்டியாருக்கு இந்தப் படத்தின் எண்ணம் தோன்றியது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 26. பெரிய ஸ்டுடியோவோ அரசோ பின்னால் இல்லை. ‘டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்’ என்ற நிறுவனத்தின் பெயரில் வேலை தொடங்கியது.

காந்தியைப் படமெடுப்பது எளிதான காரியம் அன்று. திரைப்படத்தின்மேல் அவருக்கு மதிப்பே இருந்ததில்லை. 1920களின் இறுதியில் இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு அனுப்பிய கேள்விகளுக்கும் சினிமாவைக் கண்டித்தே பதில் எழுதியவர் அவர். கேமராவுக்காக நின்று காட்டும் வழக்கமும் அவரிடம் இல்லை. தவிர, தென்னாப்பிரிக்கப் போராட்டம், தண்டி யாத்திரை, 1931இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுப் பயணம் போன்ற பெரும் நிகழ்ச்சிகள் முடிந்துபோயிருந்தன. அவற்றைக் காட்ட வேண்டுமானால் முன்பே யாரோ எடுத்து வைத்த படச்சுருள்களைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தத் தேடலில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழிந்தன. செட்டியார் சுமார் ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்திப்பட நிறுவனங்களையும் தனியாரையும் அணுகினார். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த படங்களிலிருந்து சுமார் 50,000 அடி சேர்ந்தது. அதை 12,000 அடியாகத் தொகுத்தார். பேசும்பட வேகத்தில் ஓட்டினால் திரட்டியது ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். தொகுத்தது இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

இத்தகைய தொகுப்பில் சிக்கல்கள் பல உண்டு. பல கேமராக்களில், பல ஊர் வெளிச்சத்தில் எடுத்தவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ஊமைப்படக் காலத்துச் சுருள்களைப் பேசும்படக் கருவியில் அப்படியே ஓட்டினால் மனிதர்கள் வழக்கத்துக்கு மீறிய வேகத்தில் நடப்பார்கள். நடுவில் பதிவே இல்லாத ஆண்டுகளும் இருக்கும். இவற்றையெல்லாம் ஒரே கதையாகக் கோத்துச் செல்வது பின்னணி உரையின் பொறுப்பு. அந்த உரை முதலில் தமிழில் அமைந்தது என்பது இந்தப் படத்தின் தனிச்சிறப்பு.

1940 ஆகஸ்ட் 23இல் சென்னை ராக்ஸி திரையரங்கில் படம் வெளியானது. அது உலகப்போர்க் காலம். சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை முந்திய ஆண்டே பதவி விலகிவிட்டது. தண்டி யாத்திரைச் செய்திப்படங்களுக்கு அரசு தடை விதித்துப் பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தச் சூழலில் காந்தியைத் திரையில் காட்டுவதற்குத் துணிவு வேண்டியிருந்தது. தமிழைத் தொடர்ந்து தெலுங்கு வடிவம் வந்தது. 1947இல் நாடு விடுதலை பெற்றபோது இந்தி வடிவம் தில்லியில் திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் வெளியானது.

பயண எழுத்து

படத்துக்கான அலைச்சலும் அதற்கு முன்னும் பின்னும் மேற்கொண்ட பயணங்களும் நூல்களாயின. ‘உலகம் சுற்றும் தமிழன்’ அவற்றுள் புகழ்பெற்றது. அந்தத் தலைப்பே அவருடைய அடைமொழியாகவும் நிலைத்துவிட்டது. ‘ஜப்பான்’, ‘பிரயாண நினைவுகள்’, ‘அமெரிக்க நாட்டிலே’, ‘கரிபியன் கடலும் கயானாவும்’, ‘குடகு’ ஆகியவை பிற நூல்கள்.

இவருடைய வாக்கியங்கள் சிறியவை. வியப்புச் சொற்கள் அரிது. வழியில் சந்தித்த மனிதர்களுக்கும் அவர்களுடைய பேச்சுக்கும் பழக்கவழக்கங்களுக்கும் கிடைக்கும் இடம், பயணம் செய்தவரின் பெருமைக்குக் கிடைப்பதில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் நாடுகளைப் பற்றி அவர் எழுதியவை, புலம்பெயர்ந்தோர் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இன்றும் பயன்படுகின்றன.

குமரி மலர்

இந்த இதழில் செட்டியார் புதிய எழுத்தோடு பழையவற்றையும் வெளியிட்டார். மறந்துபோன இதழ்களிலும் கிடைத்தற்கரிய நூல்களிலும் இருந்த கட்டுரைகளையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் தேடி எடுத்து மறுபதிப்புச் செய்தார். பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் திரட்டி ‘தமிழ்நாடு’ என்ற தொகுப்பாகவும் வெளியிட்டார். படச்சுருள்களைத் தேடி அலைந்த அதே உழைப்பு இங்கே அச்சுத்தாள்களுக்குக் கிடைத்தது. நூலகங்களும் பேணாத எத்தனையோ எழுத்துகள் இதனால் பிழைத்தன.

மறைவும் மீட்பும்

பிறர் எடுத்த படங்களைக் காப்பாற்றித் திரட்டியவரின் சொந்தப் படம் காப்பாற்றப்படவில்லை. தமிழ் வடிவம் பார்வையிலிருந்து மறைந்தது. படத்தின் பெயரைக்கூடத் திரைப்பட வரலாறுகள் பல பேசாமல் கடந்தன. படம் உருவான விதத்தைச் செட்டியார் பிற்காலத்தில் ‘குமரி மலர்’ இதழில் கட்டுரைகளாக எழுதினார். வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைத் தொகுத்து 2003இல் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாகப் பதிப்பித்தார். நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. வேங்கடாசலபதியின் தேடலால் படத்தின் ஆங்கில வடிவத்தின் படி ஒன்று அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் கிடைத்தது.

மதிப்பீடு

இந்திய ஆவணப்பட வரலாறு விடுதலைக்குப் பிந்திய அரசுப் படப்பிரிவிலிருந்தே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதற்கு முன்பே ஒரு தனிமனிதர், அரசின் பணமின்றி, அரசுக்கு உவக்காத ஒரு தலைவரைப் பற்றி இத்தனை பெரிய முயற்சியை முடித்துக் காட்டியிருக்கிறார். சுயேச்சை ஆவணப்படம் என்று இன்று நாம் போற்றும் மரபில் செட்டியாருக்கு முன்வரிசையில் இடம் உண்டு. படமெடுத்த செட்டியாரைக் காப்பாற்றியவர் எழுத்தாளரான செட்டியாரே. படம் உருவான விதம் பற்றிய கட்டுரைகளை அவர் எழுதாமல் விட்டிருந்தால், தமிழில் பிறந்த இந்தப் படத்தை யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.