முத்திரையிட்ட உறை (நீதிமன்ற வழக்கம்)

எதிர்த்தரப்புக்கும் பொதுமக்களுக்கும் காட்டாமல், நீதிபதியின் பார்வைக்கு மட்டும் ஆவணத்தை உறையிலிட்டு, ஒட்டி முத்திரையிட்டுத் தாக்கல் செய்யும் முறை. செய்தித்தாள்களில் ‘சீலிட்ட கவர்’ என வரும்.

நீதிமன்றத்துக்கு வெளியே இதையொத்த பழைய முறை ஒன்று உண்டு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒருவர் தம் உயிலை மூடிய உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். சார்பதிவாளருக்கு இந்த அதிகாரம் இல்லை. எடுத்துக்காட்டாக, ஆலங்குடிக்காரர் மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். பதிவாளர் உறையின் மேலெழுத்தை 5ஆம் புத்தகத்தில் படியெடுத்து, பெற்ற நாளோடு மணியையும் குறித்து, தீப்பிடிக்காத பெட்டியில் வைப்பார். எழுதியவர் திரும்பப் பெறாவிட்டால், அவர் இறந்தபின் விண்ணப்பிப்பவரின் கண்ணெதிரில்தான் உறை பிரிக்கப்படும்.

அரசு இரகசியங்களுக்கு 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 123ஆம் பிரிவு காப்பளித்தது. நீதிமன்ற உறையின் வேரை அங்கே காண்போர் உண்டு. 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற விதிகளில் ஒன்றைச் சுட்டுவோரும் உண்டு. அவ்விதி ஆவணங்களின் நகல் பெறுவது பற்றியதே, எதிராளியிடம் மறைக்க இடமளிக்கவில்லை என்பது மறுப்போர் வாதம்.

வழக்கம் பெரிதும் பேசப்பட்டது 2018 முதல். ரஃபேல் போர் விமான வழக்கில் உறைக்குள் வந்த அரசுக் குறிப்பை நம்பி, தணிக்கை அறிக்கையை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டதாக அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கூறியது. குறிப்பு தவறாகப் படிக்கப்பட்டது என்று மறுநாளே அரசு திருத்தம் கோரியது. எதிர்த்தரப்பு அக்குறிப்பைப் பார்த்திருந்தால் பிழை அப்போதே பிடிபட்டிருக்கும்.

ஐ.என்.எக்ஸ். மீடியா வழக்கில் சிக்கியவர் ப.சிதம்பரம், 2009 முதல் 2014 வரை சிவகங்கை மக்களவைத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். 2019 செப்டம்பர் 5 அன்று அவரது முன்பிணை மனுவைத் தள்ளுபடி செய்த நீதிபதிகள் ஆர்.பானுமதியும் ஏ.எஸ்.போபண்ணாவும், அமலாக்கத் துறை தந்த உறையை வேண்டுமென்றே பிரிக்கவில்லை; படித்துவிட்டு எழுதும் ஒரு வரிகூடக் குற்றம் சாட்டப்பட்டவரைப் பாதிக்கலாம் என்றனர். டில்லி உயர் நீதிமன்றம் பின்னர் உறைக்குள் இருந்ததைக் கொண்டு முடிவுகளை எழுதிவிட்டதால், இவர்கள் இடம்பெற்ற அமர்வும் பிரிக்க வேண்டியதாயிற்று. நீதிபதி தம் மனநிறைவுக்காகப் பார்க்கலாம், ஆனால் அதையே குற்றம் மெய்ப்பட்டதுபோல் பதிவுசெய்வது நியாயமான விசாரணைக்கு முரண் என்று கூறி, டிசம்பர் 4 அன்று அவ்வமர்வு பிணை அளித்தது. இப்பொருளில் மிகவும் நிதானமாகப் படிக்கத்தக்க இரு தீர்ப்புகள் இவை.

2022 மே மாதம், சென்னை உயர் நீதிமன்றத்தில் உறையிலேயே கிடந்த முதற்கட்ட விசாரணை அறிக்கையை முன்னாள் அமைச்சர் எஸ்.பி.வேலுமணிக்குத் தர உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 ஏப்ரல் 5 அன்று, மலையாளத் தொலைக்காட்சியான மீடியா ஒன் வழக்கில், இம்முறை இயற்கை நீதிக்கும் திறந்த நீதிக்கும் ஊறு செய்கிறது என்றது. இரகசியம் கோரினால் அக்கோரிக்கையை எடைபோட, ஆவணத்தைப் பார்த்து வாதிடும் நீதிமன்ற உதவியாளரை அமர்த்தலாம் என வழிகாட்டியது.

சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் உள்ளது.