தீயும் பழியும்: அல்ஜீரியக் காடுகளின் கதை

அல்ஜீரியாவின் காட்டுத்தீ வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் ஒரு விடயம் என் கண்ணில் படுகிறது. எரிந்த காட்டை எப்படி மீட்பது என்ற கேள்வி எழுமுன்னரே, எரித்தவன் யார் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள் பல தலைமுறை முஸ்லிம் கிராமத்தவரின் வாழ்வைத் தீர்மானித்திருப்பதால், அதனைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமெனக் கருதுகிறேன்.

1830இல் பிரான்ஸ் அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. 1851ஆம் ஆண்டுச் சட்டம் காடுகளை அரச உடைமையாக்கியது. மேய்ச்சல், விறகு, கரி, காட்டோரப் பயிர் என்று வாழ்ந்த குடிகள், முன்னோரின் மண்ணிலேயே அத்துமீறுவோராயினர். தக்கை தரும் ஓக் மரக் காடுகளின் பெரும்பகுதி ஐரோப்பிய முதலாளிகளின் கைக்குப் போனது. நமது நாட்டில் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் சேனைக் காணிகளுக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

1874 ஜூலை 17ஆம் திகதிய சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. காட்டுத்தீக்காக ஒரு கோத்திரம் முழுவதன் மீதும் கூட்டுத் தண்டப்பணம் விதிக்க அது இடமளித்தது. எரிந்த நிலத்தில் ஆறு ஆண்டுகளுக்கு மேய்ச்சலையும் தடுத்தது. மேய்ச்சல் தடைக்கு நியாயம் இல்லாமலில்லை. துளிர்க்கும் குருத்தை ஆடு தின்றால் காடு எழும்பாது. ஆனால் ஆட்டைத் தவிர வேறு சொத்தில்லாத குடும்பம் அந்த ஆறு ஆண்டுகளும் எதை உண்பது? அதைப் பற்றிச் சட்டம் கவலைப்படவில்லை. 1881இல் ஒன்றரை இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் எரிந்தபோதும் பழி கிராமத்தவர் மீதே விழுந்தது.

இப்பழிக்குப் பின்னால் ஒரு வரலாற்றுக் கதையும் இருந்தது. ரோமரின் தானியக் களஞ்சியமாயிருந்த நாட்டை அரபிகளும் அவர்களது ஆடுகளும் பாலையாக்கிவிட்டன என்பதே அக்கதை. 2007இல் வெளிவந்த தமது நூலில் டயானா டேவிஸ் இதனை ஆராய்ந்து, காணி பறிப்பை நியாயப்படுத்திய காலனித்துவப் புனைவு எனக் காட்டினார்.

1954 முதல் 1962 வரையான விடுதலைப் போரில் பிரெஞ்சு இராணுவத்தின் நேபாம் குண்டுகள் காடுகளை எரித்தன. அந்தத் தீக்கு யாரும் தண்டப்பணம் கட்டவில்லை. சுதந்திர அல்ஜீரியா 1970களில் 'பச்சை அணை'யைத் தொடங்கியது. கிழக்கு மேற்காகச் சுமார் 1500 கிலோமீற்றர் நீளத்துக்கு மரம் நடும் திட்டம் அது. தேசிய சேவை இளைஞர்கள் நட்டவை பெரும்பாலும் அலெப்போ பைன் கன்றுகள். ஒரே இன மரம் என்பதால் பைன் கம்பளிப்புழு எளிதில் பரவியது. மேய்ச்சற்காரரைக் கலந்துகொள்ளாததால் அவர்களும் அதைத் தமதெனக் கருதவில்லை. காலனித்துவத்தின் எண்ணம் இத்திட்டத்தில் வேறு உடை அணிந்து வந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது.

2021 ஓகஸ்டில் கபிலியா மலைகளில் மூண்ட தீயில் குறைந்தது 90 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 33 பேர் இராணுவத்தினர். தீயணைக்க உதவ வந்த மிலியானாவைச் சேர்ந்த இளம் கலைஞர் ஒருவரை, தீ வைத்தவன் என்ற வதந்தியை நம்பிய கும்பலொன்று கொன்றது. 1874இன் சட்டம் எப்போதோ போய்விட்டது. அந்த மனநிலை போகவில்லை. வதந்தியின் வேகத்தை அனுபவித்தறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்விளைஞரின் தந்தை, அரபியருக்கும் கபிலியருக்கும் இடையே பகை மூளக்கூடாதென்று பகிரங்கமாக வேண்டிக்கொண்டார். மீட்பு என்பது அவ்வேண்டுகோளிலிருந்தே தொடங்குகிறது என்பேன்.

மரங்களுக்கும் தத்தம் முறை உண்டு. தக்கை ஓக்கின் தடித்த பட்டை தீயைத் தாங்கும். உச்சியிலிருந்தே மீண்டும் தளிர்க்கும். ஆனால் அண்மையில் பட்டை உரித்த மரம் தாங்காது. அலெப்போ பைனின் காய்கள் வெப்பத்தில் வெடித்து விதை தூவும். அக்கன்றுகள் காய்க்குமுன் மறுபடி தீ வந்தால் பைன் அற்றுப்போகும். ஸைத்தூன் வேரிலிருந்து துளிர்க்கும். ஒட்டுமரமாயின் ஒட்டுக்குக் கீழிருந்து எழுவது காட்டு ஸைத்தூன். அதில் மீண்டும் ஒட்டுக்கட்டிப் பல வருடங்கள் காத்திருக்க வேண்டும்.

அந்த ஒட்டுவேலையை அரச ஆணையால் செய்விக்க முடியாது. கபிலியக் கிராமங்களில் 'தஜ்மாஅத்' என்ற ஊர்ச்சபையும் 'திவிஸி' என்ற கூட்டு உழைப்பும் தொன்றுதொட்டு இருந்துவருகின்றன. எந்தச் சரிவில் எவரது மரம் நின்றது, எங்கே ஆடு விடலாம், எங்கே விடலாகாது என்பதை அறிந்தவர்கள் அங்குள்ளோரே. 2023இல் 'பச்சை அணை' மீண்டும் தொடங்கப்பட்டது. இம்முறை அவர்களிடம் கேட்டு நடுகிறார்களா என்பதே எனது கேள்வி.