வெடிச்சத்தம் கேட்டதும் ஓடிப் போகாதீங்க! விபத்து நடந்த இடத்தில் யாருக்கு என்ன வேலை? முழு விவரம்

எம்.ரெட்டியபட்டி:

'டமார்'னு ஒரு சத்தம். வீட்டு ஜன்னல் அதிருது. தூரத்தில் கரும்புகை. உடனே பைக்கை எடுத்துக்கிட்டு நாலு பேர் கிளம்பிடுவாங்க. பின்னாடியே ஊரே கிளம்பும். பட்டாசு ஆலைகளும் கல்குவாரிகளும் உள்ள விருதுநகர் மாவட்டத்தில் இது பழகிப்போன காட்சி. ஆனால் இப்படி ஓடிப் போனதாலேயே உயிரை விட்டவர்களும் உண்டு.

முதலிப்பட்டி தந்த பாடம்

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் தனியார் பட்டாசு ஆலையில் பயங்கர வெடிவிபத்து நடந்தது. 38 பேர் பலியானார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டு காப்பாற்ற ஓடியவர்கள், என்ன நடக்குதுன்னு பார்க்கப் போனவர்கள். அடுத்து ரசாயனப் பொருட்கள் மொத்தமாக வெடித்தபோது அவர்களும் சிக்கிக்கொண்டார்கள்.

2024-ம் ஆண்டு மே 1-ந் தேதி காரியாபட்டி அருகே ஆவியூர் பகுதி கல்குவாரியில் வெடிபொருள் இறக்கும்போது வெடித்து 3 தொழிலாளர்கள் உடல் சிதறி பலியானார்கள். அதனால் இந்த ஆபத்து சிவகாசி பக்கம் மட்டும்தான் என்று அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து ஜனங்கள் நினைத்துவிட முடியாது.

முதலில் வருவது யார்?

இந்த கரிசல்காட்டு கிராமங்களில் தீயணைப்பு வண்டி வர நேரம் பிடிக்கும். பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது உள்ளூர் போலீஸ்தான். எம்.ரெட்டியபட்டி வட்டாரம் என்றால் எம்.ரெட்டியபட்டி போலீஸ் நிலையத்தில் இருந்து ஒரு எஸ்.ஐ.யும் இரண்டு, மூன்று போலீஸ்காரர்களும் வருவார்கள். பெரிய அதிகாரி வரும்வரை அங்கே அந்த எஸ்.ஐ.தான் பொறுப்பு.

அவர் உடனே தீக்குள் பாய்ந்தால் அது தப்பு. அவர் செய்ய வேண்டிய வேலையே வேறு. என்ன நடந்தது, எத்தனை பேர் சிக்கியிருக்காங்க, இன்னும் வெடிக்கக்கூடிய பொருள் இருக்கா, எந்த வழியாக வண்டி வரலாம் என்பதை கண்ட்ரோல் ரூமுக்கு சொல்ல வேண்டும். கயிறு கட்டி கூட்டத்தை தள்ளி நிறுத்த வேண்டும். ரோட்டை காலியாக வைக்க வேண்டும். நாலு பைக் குறுக்கே நின்றால் போதும், ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாது. அந்த சில நிமிஷத்தில் ஒரு உயிர் போய்விடும்.

தீ பக்கம் தீயணைப்பு துறைதான்

தீயணைப்பு படை வந்ததும் வெடித்த இடத்துக்குள் யார் போகலாம், எப்போது போகலாம் என்பதை அந்த அதிகாரிதான் முடிவு செய்வார். 'சும்மா நிக்கிறாங்களே, உள்ளே போகலையே' என்று ஜனங்கள் திட்டுவது உண்டு. ஆனால் மிச்சம் இருக்கும் மருந்து எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். பட்டாசுக்கு பயன்படும் அலுமினியப் பொடி எரியும்போது தண்ணீர் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். குடத்தோடு ஓடுவது உதவி அல்ல, ஆபத்து.

வெடிக்காமல் கிடப்பதை அப்புறப்படுத்த வெடிகுண்டு நிபுணர்களை போலீஸ் வரவழைக்கும். மின்வாரிய ஊழியர்கள் கரண்டை துண்டிப்பார்கள்.

சிவப்பு யாருக்கு? பச்சை யாருக்கு?

காயம்பட்டவர்களை 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களும் டாக்டர்களும் தரம் பிரிப்பார்கள். உடனே கவனிக்காவிட்டால் உயிர் போகும் என்றால் சிவப்பு. கொஞ்ச நேரம் தாங்கும் என்றால் மஞ்சள். லேசான காயம் என்றால் பச்சை. உயிர் பிழைக்க வழியில்லை என்றால் கருப்பு. சத்தம் போட்டு அழுபவரை விட சத்தமே இல்லாமல் கிடப்பவருக்கு முதல் வண்டி போகலாம். இதில் பாரபட்சம் எதுவும் இல்லை.

எல்லோரையும் ஒரே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் குவித்தால் அங்கேயும் திண்டாட்டம்தான். அதனால் காயத்தைப் பார்த்து அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரி, விருதுநகர் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி, மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி என்று பிரித்து அனுப்புவார்கள். யாரை எங்கே அனுப்பினார்கள் என்ற பட்டியல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெற்ற தாய் மூன்று ஆஸ்பத்திரி வாசலில் அலைய வேண்டி வரும்.

மொத்தத்துக்கும் யார் தலைமை?

2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மை சட்டப்படி மாவட்ட பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைப்படி மாவட்டம், கோட்டம், தாலுகா என்று ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு குழு இருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு தளபதி. அவருக்கு கீழே களத்தில் வேலை பார்க்க ஒரு பிரிவு, திட்டம் போட ஒரு பிரிவு, வண்டி, சாப்பாடு, தண்ணீர், ஜெனரேட்டர் ஏற்பாட்டுக்கு ஒரு பிரிவு. உதவிக்கு வரும் வண்டிகள் நேராக உள்ளே நுழையக்கூடாது. சற்று தள்ளி ஒரு இடத்தில் நின்று, கூப்பிட்ட பிறகே வர வேண்டும்.

இந்த முறைக்கு மூலம் அமெரிக்காவில் உள்ளது. 1970-ம் ஆண்டு கலிபோர்னியாவில் பெரிய காட்டுத்தீ. அணைக்க வந்த ஒவ்வொரு துறையும் தனித்தனியாக உத்தரவு போட்டதால் குழப்பம். அதற்குப் பிறகுதான் 'ஒரே தலைமை, ஒரே திட்டம்' என்ற ஏற்பாடு உருவானது. ஊர் தேர் இழுக்கிற மாதிரிதான் இதுவும். எத்தனை பேர் வடம் பிடித்தாலும், குரல் கொடுப்பது ஒருத்தராக இருந்தால்தான் தேர் நேராகப் போகும்.

தீ அணைந்த பிறகு

தீ அணைந்தாலும் போலீசுக்கு வேலை முடியாது. எந்த பொருளும் கலையாமல் இடத்தை பாதுகாக்க வேண்டும். இறந்தவர்களை அடையாளம் காண வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டம் 194-வது பிரிவின்படி விசாரணை நடத்தி, பிரேத பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அன்று யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்ற வருகைப் பதிவேடு இங்கேதான் முக்கியம். அதில் பெயர் இல்லாத கூலித்தொழிலாளியின் குடும்பம் நிவாரணம் கேட்டு அலைய நேரிடும். அதனால் வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் பெயர் பதிவாகிறதா என்று தினமும் பார்த்துக்கொள்வது நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியது

* உடனே 112-க்கு போன் போடுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

* ஊர் பேரோடு பக்கத்தில் உள்ள கோவில், கண்மாய், பஸ் ஸ்டாப் ஏதாவது அடையாளம் சொல்லுங்கள். வண்டி வழி தெரியாமல் சுற்றாது.

* ஒருத்தர் மெயின்ரோட்டில் நின்று வரும் வண்டிகளுக்கு வழி காட்டுங்கள். அதுவே பெரிய உதவி.

* வெடித்த இடத்துக்கு அருகில் போகாதீர்கள். குழந்தைகளை விடாதீர்கள். செல்போனில் படம் எடுக்க முண்டியடிக்காதீர்கள்.

* உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், மருந்து எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரிந்தவர்கள், ஓடி ஒளியாமல் போலீசிடமோ தீயணைப்பு அதிகாரியிடமோ சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் பல உயிர்களை காப்பாற்றும்.