சுழல்விசிறியும் துப்பாக்கியும்

பொதிசெய்யும் இயந்திரமொன்றில் ஓடிவரும் கடதாசியின் அடையாளம் கத்தியின்கீழ் வருங் கணத்திலேயே கத்தி இறங்குதல் வேண்டும். பிந்தின் எழுத்து வெட்டுண்ணும். தனக்குப் புறத்தே நிகழ்வதொன்றுக்கு இயந்திரம் தன் அசைவைப் பொருத்தும் இவ்வேலையை இன்று மின்னணுச் சாதனங்கள் செய்கின்றன. இதே சிக்கல் மனித உயிர்களைப் பணயம் வைத்து ஆராயப்பட்ட காலம் முதலாம் உலக மகாயுத்த காலமாகும்.

விமானி நேர்முன்னாகச் சுட விரும்பினான். எதிரே அவனது விமானத்தின் சுழல்விசிறியே நின்றது. ஈரிதழ் விசிறி நிமிடத்திற்கு 1,200 முறை சுழலுமெனின், துப்பாக்கிக் குழாயின் முன்னே செக்கனுக்கு 40 முறை இதழ் கடக்கும். ஜேர்மனியிற் பணியாற்றிய சுவிஸ் பொறியியலாளர் பிரான்ஸ் ஷ்னைடர் இதற்கொரு பொறியமைத்து 1913இல் ஆக்கவுரிமை கோரினார். இதழ் எதிர்ப்படும்போது துப்பாக்கியின் விசையைத் தடுத்தலே அவர் கருத்து.

பிரான்சில் றேமண்ட் சோல்னியர் 1914இல் இத்தகைய பொறியொன்றைப் பரீட்சித்துத் தோல்வியுற்றார். குறை பொறியிலன்று, தோட்டாவிலேயே இருந்தது. சில தோட்டாக்கள் சற்றே பிந்தி வெடித்தன. பொறி உரிய கணத்தில் ஏவியும் குண்டு இதழிற் பட்டது. எனவே அவர் இதழ்களில் உருக்கு ஆப்புகளைப் பொருத்தினார். அவற்றை நம்பிப் பறந்த றோலன்ட் கறோஸ் 1915 ஏப்ரலில் மூன்று விமானங்களை வீழ்த்தி, 18ஆந் திகதி ஜேர்மனியரிடம் சிறைப்பட்டார்.

அவ்விமானத்தைக் கண்ட அன்ரனி பொக்கர் 48 மணித்தியாலத்தில் ஒருங்கிசைவுப் பொறியைக் கண்டுபிடித்தாரென்பர். ஷ்னைடரின் முயற்சியை அறிந்தோர்க்கு இக்கதையை நம்புதல் அரிது. பொக்கரின் தொழிலகத்துப் பொறியியலாளர் ஹைன்றிச் லூபேயை நினைப்பாரும் மிகச் சிலரே. ஆயினும் பொக்கர் பொறியில் ஒரு புதுமை உண்டு. அது சுடுதலைத் தடுக்கவில்லை. எந்திரத்தோடு சுழன்ற மேடுடைய சில்லொன்று தண்டொன்றைத் தள்ளி, உரிய கணத்தில் துப்பாக்கியைச் சுடுவித்தது. அதாவது, எப்போது சுடுவதென்பதை விசிறியின் சுழற்சியே தீர்மானித்தது. பிரித்தானியர் அவ்வாண்டின் பிற்பகுதியைப் 'பொக்கர் கொடுமை' என்றனர்.

தண்டுகள் தேய்ந்தன, வெப்பத்தில் நீண்டன, கணந் தப்பின. 1916 யூனில் ஜேர்மனிய விமானி மக்ஸ் இம்மெல்மன் வீழ்ந்தபோது, தாமே சுட்டதாகப் பிரித்தானியர் கூறினர். அவரது துப்பாக்கியே விசிறியை அறுத்ததென்று ஜேர்மனியர் தரப்பிற் சொல்லப்பட்டது.

றுமேனியரான ஜோர்ஜ் கொன்ஸ்தந்தினெஸ்கு தண்டையே நீக்கினார். திரவம் நிறைந்த குழாயில் அழுத்த அலையொன்று சென்று துப்பாக்கியை ஏவிற்று. 1917 மார்ச்சிற் போர்முனைக்கு வந்த இப்பொறி, 1937இல் சேவைக்கு வந்த குளொஸ்ரர் கிளாடியேற்றர் விமானத்திலும் இடம்பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் வந்த ஹரிக்கேனில் துப்பாக்கிகள், விசிறி எட்டாத சிறகுகளுக்கு இடம்மாறின.