ஒரே மக்கள், இரு கரைகள்: சமோவாவில் 1918-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்

1918-ஆம் ஆண்டின் இன்புளுயன்சாக் கொள்ளைநோய் எல்லா நாடுகளையும் ஒன்றுபோல் வாட்டிற்று என்று எண்ணுவது வழக்கம். பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவுகளின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கிறது. ஒரே மொழியும் உறவுமுறையும் உடைய அம்மக்களின் தீவுகளை 1899-இல் ஜெர்மனியும் அமெரிக்காவும் பங்கிட்டுக்கொண்டன. ஜெர்மனியின் மேற்குப் பகுதி 1914-இல் நியூசிலாந்துப் படையின் வசமாயிற்று.

1918 நவம்பர் 7-ஆம் நாள், ஆக்லந்திலிருந்து வந்த தலூன் என்னும் கப்பல் மேற்கிலுள்ள ஆப்பியாத் துறைமுகத்தை அடைந்தது. அதில் நோயுற்றோர் இருந்தும் பயணிகள் கரையிறங்க அனுமதிக்கப்பட்டனர். சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 8,500 பேர், அதாவது மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர், மாண்டனர்.

கிழக்கே ஆளுநர் ஜான் போயர், வானொலிச் செய்திகளால் ஆபத்தை முன்னறிந்து, வரும் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். ஊர்மக்களும் கரைகளைக் காத்தனர். அங்கே ஒருவரும் இந்நோயால் இறக்கவில்லை. அவர் அளிக்க முன்வந்த உதவியையும் மேற்கின் ஆட்சியாளர் ராபர்ட் லோகன் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தட்பவெப்பமன்று, குலமுமன்று. நோய் தீர்க்கும் மருந்து இரு கரைகளிலும் இல்லை. கிழக்கை ஆண்டதும் அந்நியக் கடற்படையே. ஆதலின், அந்நிய ஆட்சி என்ற ஒன்றால் மட்டும் இதனை விளக்கிவிட இயலாது. எச்சரிக்கைக்குச் செவிகொடுத்ததும் கொடாததுமே வேறுபாடு.

மேற்குச் சமோவா 1962-இல் விடுதலையடைந்தது. 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் இதற்காக மன்னிப்புக் கோரினார். எண்பத்து நான்கு ஆண்டுகள் கடந்தும் அச்சொல் தேவைப்பட்டது என்பதே, அம்மக்கள் அச்சாவுகளை விதியின் செயலெனக் கொள்ளவில்லை என்பதற்குச் சான்று.